இறந்தகாலத்தில் ஒரு ராஜா

அத்தியாயம் 3

உள்துறை அமைச்சர் ஹல்வெத் பிரபுவின் பட்டங்களை வாயிற்காவலன் சொல்லி முடிப்பதற்குள் ஆய்வாளரின் உதவியாளன் ஒப்லோவுக்கு ஒரு கால் மரத்துப்போய்விட்டது.

"மேடம், நடுவுல கொஞ்சம் உக்காந்துக்கலாமா?" என்று கிசுகிசுத்தான்.

"நடுவே இன்னும் வரல. வாய மூடு," என்றாள் ஆய்வாளர் சோரின் வஷேக்.

ஓர்ஸ்கான் முடியரசில் சூரியன்களே டஜன் கணக்கில் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெறும் இருட்டு. இப்படிப்பட்ட நாட்டில் 'உள்' என்பது எது, அதற்கு எதற்கு ஒரு துறை என்று சிலர் கேட்டதுண்டு. அவர்கள் இப்போது உள்ளே இருக்கிறார்கள்.

கதவு திறந்தது. ஹல்வெத் பிரபு எழுதிக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பேனாவில் மை இல்லை என்பதைச் சோரின் கவனித்தாள். வந்தவர்களைக் காக்கவைக்க அது போதும்.

"யூல்பென் சார்க்," என்றார் தலை நிமிராமல். "ஒலிவாங்கும் அறை ஊழியன். சிற்றுண்டிச் சாலையில், பலர் முன்னிலையில், பேரரசரைக் குறித்து இறந்தகாலத்தில் பேசியிருக்கிறான்."

சோரினுக்குப் புருவம் உயர்ந்தது. ஓர்ஸ்கானில் ராஜாக்களுக்கு இறந்தகாலம் கிடையாது. இறந்துபோகிற ராஜாக்களுக்கும் கிடையாது. முதலாம் தெமிரான் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அரண்மனைப் படிக்கட்டில் வழுக்கி விழுகிறார். விழுந்து மண்டையைப் போடுகிறார். இன்றுவரை போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். இறந்தகாலம் ஒரே ஒருவருக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது: பட்டம் பறிக்கப்பட்ட ராஜாவுக்கு. அப்படி ஒருவர் உண்டு. இன்றைய ராஜா ஏழாம் தெமிரானின் அண்ணன். பெயரை உச்சரிக்கத் தடை இருந்ததால் ஊரே அவரை 'இருந்தவர்' என்றது. உள்துறையின் காவலில், எங்கோ ஒரு பாறைத் துண்டில், இன்றைக்கும் அவர் நல்ல உடல்நலத்தோடு வாழ்ந்தார்.

"என்ன பேசினான், பிரபு?" என்று கேட்டாள் சோரின்.

"திரும்பச் சொன்னால் நானும் பேசியவனாவேன்."

"குற்றச்சாட்டுல எழுதியிருக்குமே?"

"எழுதினால் எழுதியவனும் குற்றவாளி."

ஒப்லோவால் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப ஒரு ஆள் என்ன சொன்னான்னு யாருக்குமே தெரியாது. ஆனா தப்பா சொன்னான்னு மட்டும் ஊருக்கே தெரியும்."

"'ஒரு ஆள்' அல்ல. 'ஓர் ஆள்'," என்றார் பிரபு. மற்றபடி அந்த வாக்கியத்தில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "நடுப்பகல் மணி அடித்ததும் குற்றவாளிகளை நாடு கடத்தும் பனிநிலவுக் கப்பல் கிளம்பும். அதற்குள் அவனிடம் ஒப்புதல் வாங்குங்கள்."

"ஒத்துக்கலைன்னா?"

"அப்போதும் கிளம்பும்."

"விசாரணை?"

"சதிகாரனுக்கு விசாரணை உண்டு, வக்கீல் உண்டு, மேல்முறையீடு உண்டு. இறந்தகாலத்துக்கு அதெல்லாம் கிடையாது. நான் இயற்றிய விதி." அந்த நினைப்பே அவருக்கு ஒரு வாய் நல்ல மது குடித்தாற்போல் இருந்தது.

வெளியே வந்ததும் சோரின் சொன்னாள்: "எங்கயோ இடிக்குது, ஒப்லோ."

"என் காலா மேடம்?"

"போன மாசம் மீன் விக்கிறவன் ஒருத்தன் இதே தப்பப் பண்ணான். என்ன பண்ணோம்?"

"நாக்குல மிளகுப் பொடி தடவி அனுப்பிட்டோம். மறுநாளே கடை போட்டுட்டான்."

"ஆமா. பனிநிலவு சட்டத்துல இருக்கு, பழக்கத்துல இல்ல. இவனுக்கு மட்டும் கப்பலு, மணியடி, அமைச்சரே நேர்ல உத்தரவு. எதுக்கு இவ்வளவு அவசரம்?"

லிஃப்ட் வந்து நின்றது. உள்ளே இருந்தவன் இருமினான். எல்லா அரசுக் கட்டடங்களிலும் இதுதான் வழக்கம். ஏழாம் தெமிரானுக்கு இசை என்றாலே ஆகாது. மணியோசைகூடக் காதில் தேளாகக் கொட்டும். அதனால் லிஃப்டுக்கு ஓர் இருமல்காரன், நாட்டு வாழ்த்துக்கு ஒரு வாசிப்புக்காரன். துறைமுகத்து நடுப்பகல் மணி ஒன்றுதான் மிச்சம். அதுவும் அரண்மனைக்குக் கேட்காது என்பதால் பிழைத்தது.

*

யூல்பென் சார்க் சிறையறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மெலிந்த உடம்பு. உள்துறைச் சுவர்களில் அலங்காரத்துக்கென்று செதுக்கிய கல் காதுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் எது அலங்காரம், எது வேலை பார்ப்பது என்று ஊழியர்களுக்கே தெரியாது.

"வெளியில எம் பொஞ்சாதி நிக்கிறாளா மேடம்?"

"நிக்கிறா. கம்பளிக் கோட்டு கொண்டுவந்திருக்கா."

"அப்ப அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பனிநிலவுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து அங்கே எவ்வளவு குளிர் என்று சொன்னதில்லை. கோட்டு போதுமா என்பது யாருக்கும் தெரியாது.

சோரின் அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். "உன் வேலை என்ன?"

"ராஜா இல்வென் நிலவுல முகங்காட்டா விரதம் இருக்காருல்ல? தெனம் காலைல அங்கேருந்து அவரு ஆசி வரும். நான்தான் லைனைத் திறந்து வாங்கி, எல்லா உலகத்துக்கும் அனுப்புவேன். கொஞ்சம் முன்னாடியே திறந்து வெச்சுக்குவேன், கரகரப்பு இல்லாம இருக்கான்னு பாக்க."

"இன்னைக்குக் காலைல?"

அவன் சுவர்க் காதைப் பார்த்தான். "வாங்கினேன், அனுப்பினேன், டிபன் சாப்பிடப் போனேன்."

"அங்க இறந்தகாலத்துல பேசினது உண்மையா?"

"உண்மை."

"அப்ப குற்றத்தை ஒத்துக்கிறியா?"

"மாட்டேன் மேடம். நான் சொன்னது சரியான வாக்கியம்."

ஒப்லோ தலையில் கை வைத்துக்கொண்டான். "யோவ், ரெண்டுல ஒண்ணுதான்யா இருக்க முடியும்! எங்க மேடம் அரை மனசா உன்ன நம்ப ஆரம்பிச்சிருக்காங்க, கெடுத்துக்காத."

"சரியான வாக்கியம்தான் சார்." யூல்பென் ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவைப்பதுபோலப் பேசினான். "ரெண்டு ஆட்சியா அந்தக் கருவியக் காதுல மாட்டிக்கிட்டிருக்கேன். காது கேட்டுச்சு. வாய் காது பின்னாடியே போயிடுச்சு. மூளைதான் கடைசியா வந்து சேந்துச்சு. அதுக்குள்ள மேஜைல ஒருத்தனும் இல்ல, எல்லாரும் புகார் குடுக்க ஓடிட்டானுங்க."

"கேட்டது என்ன?"

அவன் வாயைத் திறந்தான், கல் காதைப் பார்த்தான், மூடிக்கொண்டான். இந்தக் கட்டடத்தில் யாருக்குப் பயந்து அவன் பேசவில்லை என்பதுதான் சோரினுக்கு வேண்டியிருந்தது. அவன் பயந்தது தூக்கத்தில்கூட இலக்கணம் பார்க்கும் சாதாரண அதிகாரிக்கு அல்ல, மேலே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*

சிற்றுண்டிச் சாலையில் தவ்ஷா நீலக்காளானை வறுத்துக்கொண்டிருந்தாள். துறையில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரே பெண். அவளைப் பிடித்து உள்ளே வைத்தால் மறுநாள் காலை யாருக்கும் சோறு கிடைக்காது.

"ஓடுனானுங்க பாருங்க," என்றாள் கரண்டியால் வாசலைக் காட்டி. "தட்டுல போட்டது போட்டபடி. கடைசியா போறவன் மேல சந்தேகம் வருமாம். வாசல்ல ரெண்டு பேருக்கு மூக்கு உடைஞ்சுபோச்சு. ஒருத்தன் என் தட்டையும் தூக்கிட்டு ஓடிட்டான்."

"யூல்பென் என்ன சொன்னான், தவ்ஷா?"

"ஐயையோ, என்னைய விடுங்கம்மா. அத நான் சொன்னா கப்பல்ல ரெண்டு சீட்டு போட வேண்டியிருக்கும்."

"முழுசா வேண்டாம். அந்த வினைச்சொல்லோட பகுதி மட்டும் போதும். இடைநிலை, விகுதி எதுவும் வேண்டாம். குத்தமெல்லாம் இடைநிலைலதான் இருக்கு."

"என்னம்மா, மீன் அறுக்கிற மாதிரி பேசுறீங்க?"

ஒப்லோ குறுக்கே வந்து ஒரு காளானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "அக்கா, ராஜாவ விட்டுடு. உன் புருஷனுக்கு உத்தரவு போடுற மாதிரி நெனச்சுக்கோ. அந்தாளு என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லு. புருஷனுக்கு உத்தரவு போட எந்தச் சட்டமும் தடை சொல்லல."

தவ்ஷா யோசித்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"பாடு."

"அவ்வளவுதானா?"

"முன்னாடி 'நல்லா'ன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல காலம் கீலம் எதுவும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப, நல்லா பாடு."

சோரின் வறுவலுக்கான காசை வைத்துவிட்டு எழுந்தாள். யோசனையோடு நடைவழியில் நடந்தாள். ஒப்லோ பேசிக்கொண்டே பின்னால் வந்தான்.

"இதுக்கா இவ்வளவு கூத்து மேடம்? ராஜா நல்லா பாடுறாருன்னு ஒருத்தன் மெச்சிக்கிறான். காலத்தைத்தான் மாத்திச் சொல்லிட்டான்."

"மேஜை சுத்தி இருந்தவனுங்க எல்லாரும் காலத்தைக் கேட்டானுங்க. வினைய ஒருத்தனும் கேக்கல. நீயும் கேக்கல."

"கேட்டேனே. பாட்டு."

"யாரு பாட்டு?"

"ராஜா..." ஒப்லோ நின்றான். லிஃப்ட்காரன் எங்கோ இருமினான். "அட. நம்ம ராஜாவா? அவரு கொட்டாவி விட்டாக்கூட ராகம் வந்துடுமோன்னு வாயப் பொத்திக்கிறாரே! பாடுறதா? நம்ம நாட்டுல பாடுற ராஜான்னு யாருமே கிடையாது மேடம். பாடின ராஜாதான்..."

அவன் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப என்ன காலத்துல சொன்ன?" என்றாள் சோரின் மெதுவாக.

"சொல்லக்கூடிய காலத்துலதான் சொன்னேன்." ஒப்லோவின் குரல் பாதியாகக் குறைந்தது. "இருந்தவர். வரவு செலவுத் திட்டத்தையே ராகத்தோட பாடினாரு. அதனாலதானே எறக்கினாங்க. மேடம், தூணுக்குக் காது இருக்கு. மெதுவா பேசுவோம்."

"பேசுறது நீதான்."

"அண்ணன் தம்பிக்கு ஒரே குரல். விரதம்னா முகத்தைக் காட்ட வேண்டியதில்ல. தெனம் காலைல நாடே கண்ண மூடிக் கேக்குற ஆசி..."

"ஆசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, லைன் திறந்திருக்கிறது தெரியாம, அந்த மனுஷன் பழக்கதோஷத்துல ஒரு பாட்டை முணுமுணுத்தாரு. யூல்பென் காதுக்கு ஆளத் தெரிஞ்சுபோச்சு. மூளைக்குத் தெரியறதுக்கு முன்னாடியே வாய் இலக்கணத்தைச் சரியா போட்டுடுச்சு. அவன் சொன்னது சரியான வாக்கியம்தான், ஒப்லோ. ராஜாதான் வேற."

"அந்தப் பாறைச் சிறைச் சாவி..."

"ஒரே ஒரு கழுத்துல தொங்குது. இன்னைக்குக் காலைல அந்தக் கழுத்துதான் நம்மகிட்ட 'ஓர் ஆள்'னு பாடம் நடத்துச்சு."

"அப்ப நேரா போய்ப் பிடிச்சிடலாம்!"

"எத வெச்சு? ஒரு முணுமுணுப்ப வெச்சா? கேட்ட ஒரே காது இன்னும் கொஞ்ச நேரத்துல பனிநிலவுக்குப் போகுது. அப்புறம் கேட்டதுக்குச் சாட்சி கிடையாது." அவள் நடையை எட்டிப்போட்டாள். "யூல்பெனுக்கு வந்த வியாதி உனக்கும் இப்ப வந்துச்சு. சின்ன வயசுலேருந்து அடிச்சு அடிச்சு ஏத்தின இலக்கணம். உண்மை தெரிஞ்ச வாய்க்குப் பொய்க் காலம் சுலபமா வராது. சாதாரண ஆளுக்கே அப்படின்னா, அந்தச் சட்டத்த எழுதின வாய் எப்படி இருக்கும்?"

*

கப்பல்துறையில் அதிகாரிகள் பதவி வரிசைப்படி நின்றிருந்தார்கள். யூல்பெனின் கைகளில் விலங்கு. தடுப்புக்கு அப்பால் அவன் மனைவி கம்பளிக் கோட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள். அரண்மனைக் காவல்படைத் தளபதி எஷ்கார், பனிநிலவுக் கப்பலுக்கு அரசர் சார்பில் வழியனுப்பு அளிக்க வந்திருந்தார். உள்துறைக்குக் கீழ்ப்படியாத ஒரே சீருடை அவருடையது. சோரின் அதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டாள்.

"ஒப்புதல்?" என்றார் ஹல்வெத் பிரபு.

"வாங்கல, பிரபு."

"பரவாயில்லை. முறையை முடியுங்கள்."

முறை என்னவென்றால், கப்பலேறும் குற்றவாளிக்கு அன்றைய அரச ஆசியை விசாரணை அதிகாரி காதில் போட வேண்டும். நாடு கடத்தினாலும் வாழ்த்தி அனுப்புவதுதான் ஓர்ஸ்கான் பண்பாடு.

சோரின் யூல்பெனின் முன் போய் நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "பேரரசர் இன்று காலை இவ்வாறு அருள்கிறார்: 'பயிர் தழைக்க. குடி தழைக்க.'"

"ஓங்குக," என்றார் பிரபு.

"என்ன பிரபு?"

"'பயிர் ஓங்குக. குடி ஓங்குக.' அரச வாக்கைச் சிதைக்காதீர்கள்."

"மன்னிக்கணும். காலைல நானும் கேட்டேனே. தழைக்கன்னுதான் காதுல விழுந்துச்சு."

"உங்கள் காதில் எது வேண்டுமானாலும் விழலாம். ஓங்குக."

சோரின் தயங்குவதுபோல் நின்றாள். பிறகு மறுபடி யூல்பென் பக்கம் திரும்பினாள். "பேரரசர் அருள்கிறார்: 'பயிர் தழைக்க...'"

அதிகாரிகள் வரிசையில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிரபுவின் காது மடல்கள் சிவந்தன. ஒப்லோ தன் பங்குக்கு, "எனக்கும் தழைக்கன்னுதான் ஞாபகம். ஒரு ஆள்னா தப்பா கேக்கலாம்..." என்றான்.

"ஓர் ஆள்!"

"சரிங்க பிரபு," என்றாள் சோரின் பணிவாக. "ஒருவேளை விரதக் களைப்புல பேரரசருக்கே வார்த்தை கொஞ்சம் குழறுதோ என்னவோ..."

"குழறலா?" ஹல்வெத் பிரபு கைத்தடியால் தரையைக் குத்தினார். "நானே நேரில் போய், ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன்! ஒரு குழறலும் இல்லை! 'ஓங்குக' என்று மிகத் தெளிவாகச் சொன்னார்!"

சொன்னார்.

அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புகார் கொடுக்க எல்லாருடைய கால்களும் துடித்தன. ஆனால் புகார் வாங்கும் அமைச்சரே எதிரில் நின்றதால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"பிரபு," என்றாள் சோரின். "எந்த ராஜாவைச் சொன்னீங்க?"

அவருடைய உதடுகள் ஏதோ வினைச்சொல்லைத் தேடின.

"நம்ம பேரரசரைச் சொன்னீங்கன்னா இறந்தகாலக் குற்றம். விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது. கப்பல் இதோ நிக்குது. இல்ல, நீங்க சொன்னது இருந்தவரைன்னா இலக்கணம் சரி, உங்க மேல அந்தக் குத்தம் இல்ல. ஆனா அவரு எதுக்கு ராஜா பேர்ல ஆசி சொன்னாருன்னு தளபதி கேப்பாரு. அது சதி. சதிக்கு விசாரணை உண்டு, வக்கீல் உண்டு, மேல்முறையீடும் உண்டு. நீங்களே சொல்லுங்க. எந்த ராஜா?"

தளபதி எஷ்கார் பிரபுவுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார். அவசரமில்லாமல்தான் வந்தார்.

நடுப்பகல் மணி அடித்தது. அமைச்சரின் பார்வை கப்பலின் திறந்த கதவுக்குப் போனது. உள்ளேயிருந்து வந்த குளிர் அவருடைய பட்டு அங்கியின் ஓரத்தை அசைத்தது. எத்தனையோ பேரை அந்தக் கதவுக்குள் அனுப்பியவர், அதன் உட்புறம் என்ன நிறம் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தார்.

"நான் சொன்னது," என்றார் கடைசியில். "நான் சொன்னது, இருந்தவரை."

"அப்ப இன்னைக்குக் காலைல லைன்ல வந்தது?"

"இருந்தவர்."

"யூல்பென் சொன்னது?"

ஹல்வெத் பிரபு கண்ணை மூடினார். "சரியான வாக்கியம்."

தளபதி கை காட்டியதும் விலங்கு கழன்றது. யூல்பெனின் மனைவி தடுப்புக்கு அடியில் குனிந்து ஓடிவந்தாள். அங்கே வெயிலும் புழுக்கமுமாக இருந்தும் கம்பளிக் கோட்டை அவன் தோளில் போர்த்தி, பொத்தான்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கப்பல் காலியாகவே கிளம்பிப் போனது.

"மேடம்," என்றான் ஒப்லோ, "சதிய ஒத்துக்கிட்டா தப்பிக்கலாம், எழுவாய் பயனிலைல மாட்டுனா செத்தோம். இந்தச் சட்டத்த எழுதின கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

"இரும்புல போட்டுட்டாங்க, பாரு."

தளபதி எஷ்கார் அமைச்சரின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். இத்தனை நேரத்தில் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இல்வென் நிலவுல இருக்கிறது இருந்தவர்னா, எங்க ராஜா எங்கய்யா? உயிரோட இருக்காரா?"

ஹல்வெத் பிரபு கண்ணைத் திறந்தார். அவருக்குக் கொஞ்சம் நிமிர்வு திரும்பியிருந்தது. அங்கியைச் சரிசெய்துகொண்டு, உச்சரிப்பில் ஒரு பிசிறும் இல்லாமல் சொன்னார்:

"பேரரசர் இருக்கிறார்."

"அப்பாடா!" என்றான் ஒப்லோ.

அவனைத் தவிர யாருக்கும் மூச்சு விடத் தோன்றவில்லை. யூல்பென் சார்க், கழுத்துவரை பூட்டிய கோட்டுக்குள்ளிருந்து சொன்னான்:

"சார், நம்ம நாட்டுல செத்துப்போற ராஜாவுக்கும் அதே வார்த்தைதான்."